புயலுக்கு எட்டாத பிரதி

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. ஏறிய புயல் உள்நாட்டுக்கு ஓடிவிடவில்லை. பல மணி நேரம் அந்தப் பக்கமே அசையாமல் நின்று கொட்டித் தீர்த்தது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ.க்கு மேல் மழை. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் சுமார் 50 செ.மீ. அதே மாவட்டத்தின் கடலோரத்தில், கழுவேலி ஏரியும் பக்கிங்ஹாம் கால்வாயும் கடலும் நெருங்கிவரும் தாழ்ந்த நிலத்தில் இருக்கிறது மரக்காணம். நவம்பரில் அங்கே உப்புப் பாத்திகளில் வேலை கிடையாது. பாத்தியில் வெள்ளம் நின்றால் வடியும்வரை காத்திருக்கலாம். வீட்டுக்குள் வரும் தண்ணீர் அப்படிப்பட்டதில்லை. அது முதலில் தேடிப்போவது கட்டிலுக்கு அடியில் இருக்கும் டிரங்குப் பெட்டியை. பாஸ்புக், ரேஷன் அட்டை, மகளின் மாற்றுச் சான்றிதழ், தாத்தா பெயரில் இருக்கும் பத்திரம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

இந்தக் கரைக்கு இது பழகிய கதை. 2004 டிசம்பர் 26இல் சுனாமி. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல். 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல், புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்துக்கு மிக அருகில் கரையைத் தொட்டது. படகு, கூரை, உப்பு அம்பாரம் எல்லாவற்றுக்கும் கணக்கெடுப்பு நடக்கும். நனைந்த காகிதத்தை யாரும் எண்ணுவதில்லை. அந்த இழப்பு வெளியே தெரிந்தது 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில்தான். பட்டா, சான்றிதழ், சமையல் எரிவாயு இணைப்புப் புத்தகம் என்று தொலைத்தவர்களுக்காகத் தமிழக அரசு சிறப்பு முகாம்களைத் திறந்தது. வெள்ளத்தில் பாஸ்போர்ட்டை இழந்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் புதிது தரப்படும் என்று வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது.

அதற்குப் பிறகு எல்லாரும் சொல்லும் அறிவுரை ஒன்றுதான்: ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சரி, எங்கே வைப்பது? பென் டிரைவிலா, வீட்டுக் கணினியிலா, கூகுள் டிரைவிலா, டிஜிலாக்கரிலா? வீட்டில் வைத்தால் நம் கையில் இருக்கும் என்று ஒரு கட்சி. கிளவுடில் போட்டால் கவலையே இல்லை என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் பாதி உண்மைதான் தெரியும்.

முதலில் வீட்டோடு வைத்துக்கொள்ளும் வழி. உப்பளக் கரையில் வெள்ளத்தைவிடப் பொறுமையான எதிரி ஒன்று வருஷம் முழுக்க வேலை செய்கிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்திவலைகள் காற்றில் ஏறி, நீர் வற்றி, கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகளாகக் கரையோர வீடுகளில் படிகின்றன. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினால்தான் ஈரத்தை இழுத்துக் கரைசலாக மாறும். கடல்நீரில் அதோடு மக்னீசியம் குளோரைடும் சேர்ந்தே இருக்கிறது. அதற்கு 33 விழுக்காடே போதும். வங்கக் கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கும் நாள் அபூர்வம்.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த வேதியியல் கைப்பழக்கம். பாமே அளவில் நீரின் அடர்த்தி 25 டிகிரி வாக்கில் வரும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தொட்டதும் பாத்தியில் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் மக்னீசியம் உப்போடு ஒட்டிக்கொண்டு, மூட்டைக்குள்ளேயே உப்பு கசியும். மூட்டையைக் கசியவைக்கும் அதே பொருள்தான் பென் டிரைவின் முனையிலும் படிகிறது. அந்த முனைக்குப் பூசிய தங்க முலாம் மிக மெல்லியது; நுண்துளைகள் உண்டு. அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. துளை வழியாக இறங்கும் உப்புக் கரைசல் அந்த உலோகங்களை அரிக்கிறது. கணினியில் செருகி 5 வோல்ட் மின்சாரம் பாயும்போது நிலைமை இன்னும் மோசம். உலோக அயனிகள் ஒரு கம்பியிலிருந்து அடுத்த கம்பிக்கு நகர்ந்து, மயிரிழைக் கிளைகளாக வளர்ந்து, இரண்டையும் இணைத்துவிடுகின்றன. போன வாரம் வேலை செய்த பென் டிரைவ் இந்த வாரம் செத்துக் கிடப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

முனை துருப்பிடிக்காவிட்டாலும் உள்ளே இருக்கும் எழுத்து நிரந்தரமில்லை. பென் டிரைவும், கணினிக்குள் இருக்கும் எஸ்.எஸ்.டி.யும் தகவலைச் சிறுசிறு அறைகளில் சிறைப்பட்ட எலக்ட்ரான்களாக வைத்திருக்கின்றன. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அவை மெல்லக் கசியும். வெப்பம் ஏற ஏறக் கசிவு வேகமாகும். சாதாரண எஸ்.எஸ்.டி., உழைத்து ஓய்ந்த நிலையிலும், 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி 1 ஆண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பின் அளவுகோல். புதிய எஸ்.எஸ்.டி. அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் அலமாரி 30 டிகிரியில் இருப்பதில்லை. விலை மலிவான பென் டிரைவுக்கு இந்த அளவுகோல்கூடப் பொருந்தாது.

ஹார்டு டிஸ்க் காந்தத்தில் எழுதுவதால் எலக்ட்ரான் கசிவு அதற்கு இல்லை. ஆனால் பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகள் வடிகட்டி பொருத்திய சிறு துளை வழியாக வெளிக்காற்றைச் சுவாசிக்கின்றன. உள்ளே படிக்கும் முனை, சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. குளிரூட்டப்பட்ட, தூசி வடிகட்டிய அறைகளில் லட்சக்கணக்கான ஹார்டு டிஸ்க்குகளை ஓட்டும் பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் கணக்கை வெளியிடுகிறது. அங்கேயே ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றரை என்ற அளவில் அவை பழுதாகின்றன. உப்புக் காற்றில் இயங்கும் வீட்டுக் கணினிக்கு அந்தச் சலுகை கிடைக்காது. காற்றுப் புகாத டப்பாவும் உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலமும் தனியாக வைக்கும் ஹார்டு டிஸ்க்கின் ஆயுளை நீட்டும். வெள்ளத்தில் டப்பாவே மிதந்து போவதை அவை தடுக்காது.

காகிதத்தையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். செல்லரிக்கும், பூஞ்சை பிடிக்கும், நனைந்தால் மை ஓடும்; ஆனால் அதைப் படிக்கக் கடவுச்சொல் தேவையில்லை, சார்ஜரும் தேவையில்லை.

இனி அடுத்த கட்சி. ஆவணங்களில் இரண்டு வகை இருப்பதைப் பார்க்காமல் கிளவுட் நல்லதா கெட்டதா என்று பேசிப் பயனில்லை. அரசு தன் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் நகல் ஒரு வகை. பட்டா, வில்லங்கச் சான்று, ஓட்டுநர் உரிமம், 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் எல்லாம் இதில் சேரும். நம் கையில் இருப்பது நனைந்தாலும் மூலம் வேறு எங்கோ பத்திரமாக இருக்கிறது. பட்டாவையும் சிட்டாவையும் தமிழக அரசின் இணையதளத்திலிருந்து மறுபடி எடுக்கலாம். பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும். 2015 ஜூலை 1இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கரும் இந்த வகைக்கு உதவத்தான் வந்தது. பலர் நினைப்பதுபோல அது நம் சான்றிதழைத் தனக்குள் சேமித்துவைப்பதில்லை. வழங்கிய துறையின் தரவுத்தளத்துக்கு ஓர் இணைப்பை வைத்திருந்து, கேட்கும்போது அங்கிருந்தே கொண்டுவந்து காட்டுகிறது. 2017 பிப்ரவரியில் திருத்தப்பட்ட விதியின்படி, அப்படி வழங்கப்பட்ட ஆவணம் அசலுக்குச் சமம். நாமே படம் பிடித்து டிஜிலாக்கரில் ஏற்றும் கோப்புக்கு அந்தத் தகுதி கிடையாது. அதற்குத் தரும் இடமும் 1 ஜி.பி.தான்.

இரண்டாவது வகை, உலகத்தில் ஒரே ஒரு பிரதி உள்ளவை. கூலிக் கணக்கு நோட்டு, கையெழுத்துப் போட்ட குத்தகைத் தாள், சங்கத்தில் சந்தா கட்டிய ரசீது, கைமாற்றுச் சீட்டு, இறந்துபோனவரின் ஒரே புகைப்படம். இவை எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் ஆவணப் பாதுகாப்பு பற்றிய பேச்செல்லாம் ஆதாரையும் பான் அட்டையையும் சுற்றியே நடக்கிறது. எளிதில் மறுபடி கிடைப்பவற்றுக்கு அத்தனை காவல், திரும்பக் கிடைக்கவே கிடைக்காதவற்றுக்கு டிரங்குப் பெட்டி!

கிளவுடில் வைப்பது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? கோப்பு ஒரு கட்டடத்துக்குப் போகிறது. அங்கே அது அப்படியே ஓர் இயந்திரத்தில் உட்காருவதில்லை. 7, 5 என்ற இரண்டு எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகை 12ஐயும் மூன்று தனித்தனி வட்டுகளில் எழுதிவைத்தால், எந்த ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டிலிருந்து அதைக் கணக்கிட்டுவிடலாம். இந்தச் சிறு கணக்கின் வளர்ந்த வடிவத்தை 1960இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சாலமன் என்ற இருவர் வகுத்தார்கள். பேக்பிளேஸ் அதைக் கொண்டு ஒரு கோப்பை 17 துண்டுகளாக வெட்டி, மேலும் 3 துண்டுகளைக் கணக்கிட்டுச் சேர்த்து, 20 இயந்திரங்களில் பரப்புகிறது. எந்த 17 துண்டு மிஞ்சினாலும் கோப்பு முழுதாகத் திரும்பிவிடும். வட்டு பழுதாவது அங்கே அன்றாட நிகழ்ச்சி. வாடிக்கையாளருக்குத் தெரியவே தெரியாது. வீட்டில் யாராலும் செய்ய முடியாத வேலை இது.

வட்டு செத்தால் இந்தக் கணக்கு காப்பாற்றும். கட்டடமே போனால்?

தென்கொரியாவின் டேஜோன் நகரில் அது நடந்தது. 2025 செப்டம்பர் 26இல் அங்கிருந்த அரசுத் தரவு மையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளை அலுவலகக் கணினியில் வைக்காமல் ஜி-டிரைவ் என்ற அரசு கிளவுடிலேயே வைக்கும்படி அறிவுறுத்தப்பட்டிருந்தார்கள். சொன்னபடி வைத்தவர்களின் 858 டெராபைட் தகவல் எரிந்துபோனது. அளவு பெரியது என்பதால் அதற்கு வெளியே பேக்கப் எடுக்கவில்லை என்று பிறகு விளக்கம் வந்தது. விதியை மீறித் தன் கணினியில் ஒரு நகல் வைத்திருந்த ஊழியர் யாராவது இருந்தால், அவர்தான் அன்று தப்பித்தவர்.

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் 2021 மார்ச் 10இல் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முழுதாக எரிந்தது. காசு கட்டி பேக்கப் வாங்கியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப்பும் அதே இடத்தில் இருந்து சாம்பலானது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதிக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் உள்ள நிறுவனம். கூகுள் கிளவுடில், தள்ளித்தள்ளி இரண்டு இடங்களில் தகவலை வைத்திருந்தது. அதற்கான சேவையை அமைக்கும்போது கூகுள் தரப்பில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதால், கெடு முடிந்ததும் அந்தச் சந்தாவே தானாக அழிந்தது. சந்தா அழிந்தபோது இரண்டு இடத்திலும் இருந்த தகவல் சேர்ந்தே அழிந்தது. தீயும் இல்லை, வெள்ளமும் இல்லை. வேறொரு நிறுவனத்திடம் தனியாக வைத்திருந்த பேக்கப் கைகொடுத்து, ஒரு வாரத்துக்குப் பிறகு சேவை மெல்லத் திரும்பியது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வீடா கிளவுடா என்ற கேள்வியே தவறு என்று தெரிகிறது. எத்தனை பிரதி இருக்கிறது என்பதும் பாதிக் கேள்விதான். ஒரே காரணத்தால் எத்தனை பிரதிகள் சேர்ந்து சாகும் என்பதுதான் முழுக் கேள்வி. மரக்காணத்து வீட்டில் இருக்கும் கணினியும் அதற்குப் பக்கத்து அலமாரியில் இருக்கும் பென் டிரைவும் வெள்ளத்துக்கு ஒரே பிரதி. ஒரே கூகுள் கணக்கில் இரண்டு போல்டரில் இருப்பவை கடவுச்சொல் திருட்டுக்கு ஒரே பிரதி. மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பரில் இந்தியாவில் தன் கிளவுட் மையங்களைத் திறந்தபோது சென்னையையும் ஒன்றாக வைத்தது. அதற்கு இணையாகச் சேர்த்தது சுமார் 900 கி.மீ. தள்ளி இருக்கும் புனேயை. ஒரு வங்கக் கடல் புயல் இரண்டு ஊரையும் ஒரே இரவில் அடிக்காது.

ஆவணத்தைச் சும்மா வைத்திருப்பது ஒரு கதை. நாலு பேர் கைவைத்துத் திருத்துவது வேறு கதை. கிளவுடின் உண்மையான சாமர்த்தியம் அங்கேதான் இருக்கிறது. மரக்காணத்தில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே கணக்குத் தாளைத் திறந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாளில் இருப்பது ‘மூட்டை 40’. சென்னைக்காரர் முன்னால் ‘உப்பு’ என்று சேர்க்கிறார். அதே நொடியில் மரக்காணத்துக்காரர் 40ஐ 45 ஆக்குகிறார். யூனிகோடு கணக்கில் ‘மூட்டை’ என்ற சொல் ம, ஊகாரக் குறி, ட, புள்ளி, ட, ஐகாரக் குறி என்று 6 குறிகள். பிறகு ஓர் இடைவெளி. 4 எட்டாவது, 0 ஒன்பதாவது. ஆகவே மரக்காணத்திலிருந்து போகும் கட்டளை: 9ஆவது இடத்தில் இருப்பதை எடுத்துவிட்டு 5 போடு. அது போய்ச் சேர்வதற்குள் முன்னால் ‘உப்பு’ம் ஓர் இடைவெளியுமாக 6 குறிகள் வந்துவிட்டன. கட்டளையை அப்படியே நிறைவேற்றினால் ‘மூட்டை’யின் முதல் ‘ட’ போய் அந்த இடத்தில் 5 உட்காரும். அதனால் மென்பொருள் 9ஐ 15 ஆக மாற்றிக்கொண்டு செய்கிறது. இந்த உத்தியை 1989இல் எல்லிஸ், கிப்ஸ் என்ற இருவர் எழுதிவைத்தார்கள். கூகுள் டாக்ஸ் இதன் மேல்தான் ஓடுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் ரைட்டர் 2005இலேயே உலாவியில் எழுத வழிசெய்தது. கூகுள் தன் டாக்ஸுக்கு அடிப்படையான ரைட்லியை வாங்கியது 2006இல்.

இந்த முறைக்கு நடுவில் ஒரு சர்வர் நின்று வரிசைப்படுத்த வேண்டும். புயல் இரவில் டவர் சாய்ந்தால் அந்தச் சர்வர் எட்டாது. 2011இல் பிரெஞ்சு, போர்ச்சுகீசிய ஆய்வாளர்கள் முன்வைத்த இன்னொரு முறையில், ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் இடத்தைச் சொல்லாமல் தனி அடையாளம் ஒன்றைக் கொடுத்துவிடுகிறார்கள். யார் எப்போது, இணையம் இல்லாமல் எழுதினாலும், பிறகு சேரும்போது எல்லார் தாளும் ஒன்றேபோல முடியும். கோப்பு முதலில் உங்கள் கருவியில், கிளவுட் அதற்குத் துணை என்று தலைகீழாக மாற்றும் மென்பொருள்களை 2019 முதல் ஒரு சிறு கூட்டம் வலியுறுத்திவருகிறது. மின்சாரமும் சிக்னலும் வாரக்கணக்கில் போகக்கூடிய கரைக்கு ஏற்றது இதுதான். பரவலாக வருவதற்குத்தான் நாளாகிறது.

இங்கே ஒரு மயக்கத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். கணினியில் இருக்கும் போல்டர் தானாக கூகுள் டிரைவோடு ஒத்துப்போவதைப் பலர் பேக்கப் என்று நம்புகிறார்கள். அது நகல் எடுப்பதோடு அழிப்பதையும் விசுவாசமாகச் செய்யும். குழந்தை ஒரு கோப்பை அழித்தால் எல்லாக் கருவியிலும் அது போய்விடும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு இல்லை. டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையை 2022 நவம்பரில் முடக்கியது போன்ற பிணைத்தொகை வைரஸ் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புதான் மேலேயும் ஏறும். பழைய வடிவங்களை வைத்திருக்கும் வசதி இருந்தால் பிழைக்கலாம்.

உப்பளக் குடும்பத்துக்கு கிளவுடில் இருக்கும் பெரிய ஆபத்து தரவு மையத் தீ இல்லை. சிம் கார்டுதான். டிஜிலாக்கருக்கும் கூகுள் கணக்குக்கும் வங்கிக்கும் சாவி அந்த 10 இலக்க எண். மழைக்காலம் மூன்று மாதமும் பாத்தியில் வேலை இல்லை. உப்பளத் தொழிலாளர்களுக்கு அந்தக் காலத்தில் அரசு தரும் நிவாரணமே 5,000 ரூபாய்தான். வீட்டில் இரண்டு எண் இருந்தால் ஒன்றுக்கு ரீசார்ஜ் நிற்கும். 90 நாள் பயன்பாடே இல்லாமல் கிடக்கும் பிரீபெய்டு எண், குறைந்தபட்ச இருப்பும் இல்லையென்றால், துண்டிக்கப்படலாம். பிறகு குறைந்தது 90 நாள் கழித்து அது வேறொருவருக்குப் போகும். இந்த நடைமுறையை உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்றது. பழைய எண்ணோடு இணைந்த தகவல் வெளியே போகாமல் பார்த்துக்கொள்வது சந்தாதாரரின் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டது. கூகுளோ, 2 ஆண்டு திறக்காத கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழித்துவருகிறது. எங்கோ நெருப்பு பிடிப்பதைவிட இவை நிகழ வாய்ப்பு அதிகம்.

அடுத்த ஓட்டை ஜெராக்ஸ் கடையிலும் பிரவுசிங் சென்டரிலும் இருக்கிறது. அச்செடுப்பதற்காக ஆதார் படத்தைக் கடைக்காரர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஊர் வழக்கம். அந்தப் படம் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் போல்டரில் மாதக்கணக்கில் கிடக்கும். அச்செடுத்ததும் கண்முன்னால் அழிக்கச் சொல்லலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, பத்திரத்தின் பொடி எழுத்து மங்கிவிடும். ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் சுருங்காது.

கோப்பு பத்திரமாக இருந்தும் செத்துப்போவதற்குத் தமிழர்களிடம் தனி வழி ஒன்று உண்டு. 1990களிலும் 2000களிலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட கோப்புகள் இன்றும் பல கணினிகளில் ஒரு பைட்டும் கெடாமல் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ கூகுள் டாக்ஸிலோ திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குப்பை தெரியும். காரணம், அவை ஆங்கில எழுத்துகளின் எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஒட்டவைத்தன. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். அதற்கு முன் தட்டச்சிட்ட சங்கக் கணக்கும் தீர்மானமும் யாரிடமாவது இருந்தால், மாற்றிகள் கிடைக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பி.டி.எஃப்.பும் எடுத்துவைப்பது அவசர வேலை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன் இலக்கியக் கோப்புகளை டிஸ்கி குறியீட்டில் வெளியிட்டு, பிறகு யூனிகோடுக்கும் கொண்டுவந்தது. உலகெங்கும் யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டதால் அந்தக் கோப்புகள் இன்று எத்தனை கணினிகளில் இருக்கின்றன என்று யாருக்கும் கணக்கில்லை. அதைவிடப் பெரிய காவல் வேறு இல்லை.

ஒரே இடத்தில் குவித்துவைப்பதன் விலையை யாழ்ப்பாணம் அறியும். 1981 மே 31, ஜூன் 1 இரவுகளில் எரிக்கப்பட்ட பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்களும் வேறெங்கும் நகல் இல்லாத சுவடிகளும் போயின. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஸ்கேன் செய்து பொதுவில் வைத்துவருகிறது. அந்தப் பணிக்குப் பின்னால் இந்த நினைவு இருக்கிறது.

இவ்வளவும் தெரிந்தபின் ஒரு மரக்காணத்துக் குடும்பம் என்ன செய்யலாம்? பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 விதி நிபுணர்களுக்கு வேதம்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில். ஒரே ஒரு போன் இருக்கும் வீட்டில் அதை அப்படியே ஓதுவது அழகில்லை. மலிவாக இப்படிச் செய்யலாம். அரசு மறுபடி தரக்கூடியவற்றை டிஜிலாக்கரில் இணைத்துவிட்டு அதோடு மறந்துவிடலாம். ஒரே பிரதியாக இருப்பவற்றைப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் பிடித்து, கூகுளின் இலவச 15 ஜி.பி.யில் ஒரு பிரதி. திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் பிள்ளையின் போனில், வேறொரு கணக்கில் இன்னொரு பிரதி. நோட்டு பெட்டியிலேயே இருக்கட்டும், ஆனால் பெட்டி பரணில் இருக்கட்டும். கூகுள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கினால் 8 இலக்கத்தில் 10 மாற்றுக் குறியீடுகள் கிடைக்கும். போனும் சிம்மும் வெள்ளத்தோடு போனாலும் உள்ளே நுழைய அவை உதவும். அவற்றைக் காகிதத்தில் எழுதி உறவினர் ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம். கிளவுடின் சாவியைக் காகிதத்தில் வைப்பது பிற்போக்கு இல்லை.

கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் 2017 ஜனவரி 31இல் தவறுதலாகத் தன் தரவுத்தளத்தை அழித்துவிட்டு, பேக்கப்பைத் தேடியது. ஐந்து வகை ஏற்பாடு இருந்தும் ஒன்றுகூட நம்பியபடி கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. கணினியே தொழிலான நிறுவனத்தின் கதி இது. ஆகவே இதைப் படிப்பவர்கள் இந்த ஆண்டு ஐப்பசி மழைக்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் போனைத் தொடாமல், வேறொருவர் போனிலிருந்து, உங்கள் வீட்டுப் பத்திரத்தின் படத்தைத் திறந்து அதில் உள்ள சர்வே எண்ணைப் படியுங்கள். படிக்க முடிந்தால் ஏற்பாடு சரி. பார்த்து முடித்ததும் அந்தப் போனிலிருந்து லாக் அவுட் செய்துவிடுங்கள்.